உள்ளூர் கரன்சி வந்தா ஊர் ஜனங்களோட உறவு மாறுமா? பிரேசில், அர்ஜென்டினா, கென்யா அனுபவம்

வைகைக்கரை:
உள்ளூர் கரன்சி, அதாவது ஒரு ஊரோ குழுவோ தங்களுக்குள்ள மட்டும் செல்லுற மாதிரி வெச்சுக்கிற காசு, அதைப் பத்தி எங்க பேச்சு வந்தாலும் உடனே பொருளாதாரம்தான் ஓடுது, காசு எத்தனை கை மாறுச்சு, வியாபாரம் எவ்ளோ கூடுச்சுன்னு. எனக்கு அந்த ஊர் ஜனங்களுக்குள்ள என்ன ஆச்சுங்கிறதுதான் தெரியணும். யாரு யாருக்குக் கடன் கொடுக்க ஆரம்பிச்சாங்க, யாரை சேத்துக்கல, பொம்பளைங்க கையில காசு நின்னுச்சா, இதையெல்லாம் பேசலாம்னுதான் இந்த இழை. கொஞ்ச வருஷமா இதை விடாம படிச்சிட்டு வர்றேன், நீளமாத்தான் எழுதுவேன், பொறுமையா படிங்க.

பிரேசில்ல ஃபோர்ட்டலேசான்னு ஒரு பெரிய நகரம். 1973ல கடற்கரையை ஒட்டி குடிசை போட்டிருந்தவங்களைக் காலி பண்ணி ஊருக்கு வெளிய சேத்துக்காட்டுல கொண்டுபோய் இறக்கிவிட்டாங்க. தண்ணி கிடையாது, கரண்ட் கிடையாது, சாக்கடை கிடையாது. அந்த இடம்தான் கொன்ஜுண்டோ பால்மெய்ராஸ். 1981ல ஜனங்களே குடியிருப்போர் சங்கம் ஆரம்பிச்சு, போராடி, சொந்த உழைப்பைப் போட்டு வடிகால் வெட்டி, அதை ஒரு ஊரா ஆக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் சிக்கலே. வசதி வந்ததும் கரண்ட் பில்லு, தண்ணி பில்லு, வரி எல்லாம் கூடவே வந்துச்சு, வேலை மட்டும் வரல, கட்ட முடியாதவங்க வீட்டை வித்துட்டு இன்னொரு குடிசைப் பகுதிக்குக் கிளம்ப ஆரம்பிச்சாங்க. ஒரு தடவை விரட்டினவங்களை, அவங்களே கட்டின ஊர்லேந்து ரெண்டாவது தடவை விரட்டுற மாதிரி. இதை நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

1997ல சங்கத்து ஆளுங்க வீடு வீடா போய் என்ன வாங்குறீங்க, எங்க வாங்குறீங்கன்னு கேட்டு எழுதினாங்க. வாங்குறதுல 80 சதவீதம் ஊருக்கு வெளிய. ஏழை ஊருன்னு எல்லாரும் சொல்றோமே, மாசா மாசம் இவ்ளோ காசு நம்ம கை வழியாத்தானே வெளிய போகுதுன்னு அப்பதான் உறைச்சிருக்கு. 1998 ஜனவரியில பாங்கோ பால்மாஸ்னு ஊர் ஜனங்களே நடத்துற ஒரு வங்கி ஆரம்பிச்சாங்க. முன்னாடி நின்னவரு ஜோவாகிம் டி மெலோ, பாதிரியார் படிப்புல இருந்தப்ப அந்த ஊருக்கு வந்து அங்கேயே தங்கிட்டவர். மூலதனம், கடனா வாங்கின 2000 ரெயால் (பிரேசில் நாட்டுக் காசு), அவ்ளோதான். ஊருக்குள்ள மட்டும் செல்லுற பால்மாஸ் நோட்டு கொஞ்ச வருஷம் கழிச்சு வந்துச்சு. ஒரு பால்மா ஒரு ரெயாலுக்கு சமம், அதுக்கு ஈடா ரெயால் இருப்பு வெச்சிருப்பாங்க. வீட்டுச் செலவுக்கு பால்மாஸா வாங்குற கடனுக்கு வட்டி இல்ல, கடையில பால்மாஸ் நீட்டினா தள்ளுபடி, கடைக்காரருக்கு வேணும்னா பாங்கோவுல கொடுத்து ரெயாலா மாத்திக்கலாம்.

இதுல என்னை இழுத்தது கடன் கொடுக்கிற முறை. சம்பளச் சீட்டு கேக்கல, சொத்து ஜாமீன் கேக்கல. அக்கம்பக்கத்து வீட்டுல போய் இவங்க எப்படி, சொன்ன சொல்லு காப்பாத்துவாங்களான்னு விசாரிப்பாங்க. பெரிய பேங்க்ல நுழையவே தயங்குற ஒரு பொம்பளைக்கு, அவ தெருக்காரங்க சொல்ற வார்த்தையே ஆவணமாயிடுது. 2011ல திரும்ப கணக்கெடுத்தப்ப 93 சதவீதம் பேர் ஊருக்குள்ளேயே வாங்குறோம்னு சொன்னாங்க. அந்த 14 வருஷத்துல மாறினது கரன்சியால மட்டும்னு நான் சொல்லல, ஆனா அந்த ஊரு தன்னைப் பாக்குற விதம் மாறிடுச்சுன்னு திடமா நம்புறேன்.

கணக்குப்புள்ள:
நல்லா எழுதியிருக்கீங்க ஆனா அந்த 80, 93 நம்பர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பேசறது எனக்கு ஒத்துவரல. அந்த 14 வருஷத்துல பிரேசில்ல என்னென்ன நடந்துச்சு? 2003ல லூலா ஜனாதிபதியா வந்தாரு, அந்த வருஷமே ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாசா மாசம் பணம் கொடுக்கிற போல்சா ஃபமிலியா திட்டம் வந்துச்சு, குறைஞ்சபட்ச சம்பளம் வருஷா வருஷம் ஏறுச்சு, ஏழைங்க கையில நிஜமாவே காசு வந்துச்சு. காசு வந்தா தெருவுல கடை தானா வரும். பாங்கோ பால்மாஸே நோட்டை விட ரெயால்ல கொடுத்த தொழில் கடன், பில் கட்டுற கவுண்டர், மானியம் வாங்கித் தர்றது இந்த மாதிரி வேலைதான் அதிகமா செஞ்சாங்க. பால்மாஸ் நோட்டு புழக்கம் ரொம்பக் கம்மி. அப்போ ஊரை மாத்தினது கரன்சியா, இல்ல பக்கத்துலயே வந்த ஒரு பேங்க் கவுண்டரா?

வைகைக்கரை:
கவுண்டரும்தான், ஒத்துக்கறேன். போல்சா ஃபமிலியா வாங்குற பெண்களுக்குன்னே எலாஸ்னு ஒரு திட்டம் நடத்தினாங்க, அதுல நோட்டை விட பயிற்சியும் சின்னக் கடனும்தான் பெருசு. ஆனா அந்தக் கவுண்டரை ஒரு தனியார் பேங்க் ஏன் அதுக்கு முன்னாடி அங்க கொண்டுவரல? சங்கம் இருந்ததால வந்துச்சு. நோட்டு புழக்கம் கம்மிதான், ஆனா நோட்டு வந்ததாலதான் கடைக்காரங்களைக் கூட்டி உக்கார வெச்சு, தள்ளுபடி எவ்ளோ, யாரு வாங்குவீங்க, நட்டம் வந்தா யாரு தாங்குறதுன்னு பேச வேண்டி வந்துச்சு. கரன்சியோட சமூக விளைவு நோட்டு பாக்கெட்டுல வந்தப்புறம் வர்றது இல்ல, நோட்டு அடிக்கறதுக்கு முன்னாடி நடக்குற கூட்டத்துலயே பாதி வந்துடுது. நான் சொல்ல வர்றது இதுதான்.

வன்னிமண்:
நல்ல இழை. எனக்கு ஒண்டு விளங்கேல்ல. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல ஆள் எண்டு சொன்னால்தான் கடன் எண்டால், பக்கத்து வீட்டோட கோவமா இருக்கிற ஆளுக்கு என்ன கதி? ஊருக்குள்ள ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைக்கிறதுக்கு ஒருத்தரும் சட்டம் போடத் தேவையில்லை, கதைக்காமல் விட்டாலே காணும். சாதி இருக்கிற இடத்தில இது இன்னும் மோசமா போகும் தானே. தெருவில நல்ல பேர் எண்டுறது எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கிற சாமான் இல்லை.

டெல்டாக்காரன்:
வன்னிமண் சரியான எடத்துல கை வெச்சிருக்கீங்க. எங்க பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில மொய் விருந்து வைப்பாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. அதுவும் ஊரே உண்டாக்கிக்கிற கடன்தான், வட்டி கிடையாது, நோட்டுல எழுதுற பேரும் தொகையும்தான் சாட்சி. அந்தக் காசுல போர் போட்டவங்க, பொண்ணைக் கட்டிக்கொடுத்தவங்க, கடை வெச்சவங்க நெறய. ஆனா 2018ல கஜா அடிச்சு தென்னை எல்லாம் சாஞ்சு கெடந்தப்ப வாங்கின மொய்யை திருப்பி செய்ய முடியாதவங்க பட்ட பாடு இருக்கே, புயலை விட அது பெருசு. செய்யாதவன்னு பேரு விழுந்துட்டா அடுத்த விசேஷத்துக்கு நிமிந்து போக முடியாது. பேங்க்காரன் நோட்டீஸ்தான் விடுவான், ஊரு மூஞ்சிய திருப்பிக்கும். அதனால நம்பிக்கை, உறவுன்னு மட்டும் பேசாதீங்க, அதே உறவுதான் கழுத்தையும் இறுக்கும்.

நெய்தல்:
இவ்ளோ நேரம் பாங்கோ பால்மாஸ்தான் பேசுறீங்க, சமூக விளைவுன்னா அர்ஜென்டினாவைத் தொடாம எப்படி. நான் இதை சொல்லியே ஆகணும்.

1995 மே 1ஆம் தேதி, புவெனஸ் ஏரிஸ் பக்கத்துல பெர்னல்ங்கிற ஊர்ல இருபது பேர் மாதிரி ஒரு கராஜ்ல கூடி பொருள் மாத்திக்க ஆரம்பிச்சாங்க. இட்லி தோசை மாதிரி அங்க எம்பனாடா, அப்புறம் பிரெட்டு, காய்கறி, தைச்ச துணி, முடி வெட்டுறது, பல் வைத்தியம் எல்லாம். முதல்ல யாரு எவ்ளோ கொடுத்தா எவ்ளோ வாங்கினான்னு கணக்குல எழுதினாங்க, கூட்டம் கூடினதும் கிரெடிட்டோன்னு பேப்பர் அடிச்சாங்க. 2001 டிசம்பர்ல அரசாங்கம் பேங்க் கணக்கை முடக்கினப்ப, அதைத்தான் கொரலிட்டோன்னு சொல்றாங்க, ஜனங்க கையில பெசோவே, அதாவது அந்த நாட்டுக் காசே, இல்ல. அந்த நேரத்துல இந்த சந்தைகளுக்குள்ள கூட்டம் கொட்டுச்சு. 2002ல சுமார் 25 லட்சம் பேர் இதுல இருந்தாங்கன்னு கணக்கு சொல்றாங்க.

அதுல பெரும்பாலும் பெண்கள். இதைத்தான் நிறைய பேர் ஒரு வரியில எழுதிட்டு கடந்து போயிடறாங்க. வேலை போன ஆம்பளை வீட்ல சுருண்டு கெடக்கான், ஏன்னா அவனுக்குத் தெரிஞ்ச உலகம் ஃபேக்டரி கேட்டும் சம்பளக் கவரும்தான். பொம்பளைக்கு கையில இருந்த வேலை எல்லாம் அப்படியே இருக்கு, சமைக்கத் தெரியும், தைக்கத் தெரியும், ஜாம் போடத் தெரியும், ஆனா அதுக்கு அது வரைக்கும் யாரும் விலை வெச்சதில்ல. அந்த சந்தையில மேஜை போட்டு உக்காந்த அன்னிக்குத்தான் அதுக்கு ஒரு விலை கிடைக்குது, பக்கத்து மேஜைக்காரி வந்து உங்க பிரெட்டுக்காகத்தான் வந்தேன்னு சொல்றா. வாங்குறவ விக்கிறவ ரெண்டும் ஒரே ஆள், யாரும் வெறும் கஸ்டமரா நிக்க முடியாது, நீ எதையாவது செஞ்சு கொண்டுவரணும். நேத்து வரைக்கும் ஆபீஸ் உத்தியோகம் பாத்த நடுத்தர குடும்பத்து பொம்பளையும் காலங்காலமா வறுமையில இருந்தவளும் பக்கத்து பக்கத்து மேஜை. அது வரைக்கும் அந்த நாட்டுல அந்த ரெண்டு பேரும் அவ்ளோ நேரம் பக்கத்துல உக்காந்து பேசியிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம்தான்.

அது ஏன் விழுந்துச்சு? கூட்டம் கூடினதும் நோட்டு அடிக்கிறது யாருங்கிற சண்டை வந்துச்சு. ஒரு பக்கம், ஒவ்வொரு பகுதியும் தன் நோட்டை அடிச்சு தானே கணக்கு காட்டணும்னு சொன்னாங்க. இன்னொரு பக்கம் நாடு முழுக்க ஒரே நோட்டு, புதுசா சேர்ற ஆளு 2 பெசோ கட்டினா 50 கிரெடிட்டோன்னு வித்தாங்க. 2001ல நெட்வொர்க்கே ரெண்டா உடைஞ்சுது. கள்ள நோட்டு வேற. 2002 நடுவுல பாத்தா மேஜை மேல கிரெடிட்டோ குவிஞ்சு கெடக்கு, வாங்க எண்ணெய் இல்ல மாவு இல்ல, ஏன்னா எண்ணெயும் மாவும் பெசோ இருந்தாத்தான் வெளிய வாங்க முடியும். அந்த வருஷம் அரசாங்கம் வேலையில்லாத குடும்பத் தலைவருக்கு மாசம் 150 பெசோ கொடுக்க ஆரம்பிச்சுது, ஜனங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க. சில மாசத்துல பெரும்பாலான சந்தை காலி.

டெல்டாக்காரன் சொன்ன மாதிரி இறுக்குற உறவு ஒரு ஆபத்துன்னா, உறவே இல்லாம நோட்டு மட்டும் ஓடினா என்னாகும்ங்கிறதுக்கு அர்ஜென்டினாதான் சாட்சி. கடைசியில நட்டப்பட்டதும் பெண்கள்தான். ஒரு நாள் பூரா சுட்ட பிரெட்டைக் கொடுத்துட்டு பேப்பரைக் கையில வெச்சிக்கிட்டு நின்னாங்க. எனக்கு அந்த விஷயத்துல இன்னும் கோவம் தீரல, அந்த நோட்டை ஆயிரக்கணக்குல அடிச்சு வித்தவங்க யாரும் பிரெட்டு சுடல.

கணக்குப்புள்ள:
நெய்தல், இது நல்ல பதிவு. ஆனா உள்ளூர் கரன்சி ஏழைங்களுக்கான விஷயம்னு ஒரு பிம்பம் இருக்கு, அது எல்லா எடத்துக்கும் பொருந்தாது. இங்கிலாந்துல பிரிஸ்டல் பவுண்டு 2012ல வந்துச்சு, மேயரா இருந்த ஜார்ஜ் ஃபெர்குசன் தன் முழுச் சம்பளத்தையும் அதுலயே வாங்கினாரு, உலகம் பூரா செய்தி. ஆனா அதை பயன்படுத்தினது பெரும்பாலும் ஏற்கனவே ஆர்கானிக் கடை, உள்ளூர் காபி ஷாப்புன்னு போற ஆளுங்கதான். வாரக் கடைசியில கையில என்ன மிச்சம்னு பாக்குற குடும்பம் மலிவான சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போகும், அதை தப்பு சொல்ல முடியுமா? 2020-21ல அது முடிஞ்சும் போச்சு. அங்க அதனால ஏற்பட்ட சமூக விளைவு என்னன்னா, ஒத்த கருத்துள்ளவங்க ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சாங்க. அதுவும் ஒரு பலன்தான், ஆனா ஏழை பணக்கார இடைவெளி குறைஞ்சுச்சுன்னு சொல்ல முடியாது.

தோழி_திருச்சி:
ஜப்பான்ல ஒரு விஷயம் யாரும் சொல்லல. ஒசாகாவுல தெருகோ மிசுஷிமான்னு ஒரு பெண்மணி 1973லயே காசுக்கு பதிலா மணி நேரத்தை சேமிக்கிற ஒரு வங்கி ஆரம்பிச்சாங்க, இல்லத்தரசிங்கதான் உறுப்பினர். இன்னிக்கு நான் உன் குழந்தையைப் பாத்துக்கறேன், அந்த நேரத்தை கணக்குல வெச்சுக்கிட்டு எனக்கு வயசானா அப்போ எனக்கு ஆள் வரணும். உலகத்துல டைம் பேங்க்னு பேசுறவங்க அமெரிக்காவுல எட்கர் கானைத்தான் சொல்வாங்க, அவரு 80கள்ல வந்தவர். வீட்டு வேலைக்கும் கணக்கு உண்டுன்னு முதல்ல செஞ்சு காட்டினது ஒரு பொம்பளை. இது தெரியணும்னு எழுதினேன்.

வைகைக்கரை:
தோழி, நன்றி, சேக்க வேண்டிய விஷயம்.

வன்னிமண் கேட்டதுக்கு வர்றேன், இவ்ளோ நேரம் அதை யோசிச்சிட்டுத்தான் இருந்தேன். மொய்க்கும் கரன்சிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. மொய்யில நான் கடன்பட்டது இன்னாருக்குன்னு பேர் இருக்கு, அந்த ஆளுக்குத்தான் திருப்பி செய்யணும். கரன்சியில நான் ஊருக்குக் கடன், என் கடையில சாமான் வாங்க யாரு நோட்டு கொண்டுவந்தாலும் கடன் தீருது. எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆகாதுன்னாலும் எதிர் தெரு ஆள்கிட்ட நான் வியாபாரம் பண்ணலாம். அந்த மட்டும் கொஞ்சம் மூச்சு விட எடம் இருக்கு.

ஆனா உள்ள சேர்றதுக்கு வாசல் இருக்குல்ல, அதுல நீங்க சொன்ன பிரச்சனை அப்படியே இருக்கு. கென்யாவுல மொம்பாசா பக்கத்துல பங்களாதேஷ்னு ஒரு குடிசைப் பகுதி, அங்க 2013 மே மாசம் பங்களா பெசான்னு ஒரு வவுச்சர் ஆரம்பிச்சாங்க, வில் ரடிக்னு ஒரு அமெரிக்கர் கூட இருந்து செஞ்சாரு. புதுசா ஒரு வியாபாரி சேரணும்னா ஏற்கனவே இருக்கிற நாலு பேர் அவருக்கு உத்தரவாதம் சொல்லணும். நாலு பேர் கிடைக்காதவங்க? ஊருக்குப் புதுசா வந்தவங்க, வேற இனத்தவங்க, ஏதோ தகராறுல ஒதுக்கப்பட்டவங்க? இதுக்கு எந்த கரன்சியும் தானா பதில் சொல்லாது. கூட்டத்துல யாரு இருக்காங்கங்கிறதுதான் பதில்.

அங்க இன்னொண்ணும் நடந்துச்சு. ஆரம்பிச்ச அதே மாசம் போலீஸ் வந்து ரடிக்கையும் ஊர்க்காரங்க சிலரையும் பிடிச்சு கள்ள நோட்டு கேஸ் போட்டாங்க. பிரிவினைவாதிங்களோட தொடர்புன்னு கூட பத்திரிகையில வந்துச்சு. தக்காளி விக்கிறவங்க, தண்ணி விக்கிறவங்க மேல கள்ள நோட்டு கேஸ்! ஆகஸ்ட்ல கேஸை கைவிட்டாங்க, நவம்பர்ல ஊர்க்காரங்க வவுச்சரை மறுபடி ஆரம்பிச்சாங்க. அந்த ஆறு மாசம் ஊரு சிதறாம நின்னுச்சு, அதை நான் பெருசா நினைக்கிறேன்.

பிறகு அது சராஃபூன்னு டிஜிட்டலா போச்சு, ஸ்மார்ட்ஃபோன் வேண்டாம், சாதா ஃபோன்ல நம்பர் அடிச்சாப் போதும். 2020 கொரோனா நேரத்துல கென்ய செஞ்சிலுவைச் சங்கமும் சேந்துச்சு. 2020 ஜனவரியிலேந்து 2021 ஜூன் வரைக்கும் சுமார் 40,000 கணக்குகளோட பரிவர்த்தனையை பேர் இல்லாம வெளியிட்டாங்க, ஆராய்ச்சியாளருங்க அதைப் பிரிச்சுப் பாத்தாங்க. காசு ஒவ்வொரு பகுதிக்குள்ளேயே சுத்துது, நடு மையமா இருக்கிறது ஊர் சேமிப்புக் குழு மாதிரி அமைப்புங்க, பெண்களோட பங்கு முக்கியம்னு தெளிவா வருது. கணக்குப்புள்ள, இது சர்வே இல்ல, நிஜப் பரிவர்த்தனை, இதை நீங்க பாக்கணும்.

கணக்குப்புள்ள:
பாக்கறேன். ஆனா சேமிப்புக் குழு முன்னாடியே இருந்துச்சுல்ல? கரன்சி அந்தக் குழுவை உண்டாக்கல, ஏற்கனவே இருந்த உறவு மேல ஏறி ஓடுச்சு. அப்போ உறவு கரன்சியை உண்டாக்குதா, கரன்சி உறவை உண்டாக்குதா?

நெய்தல்:
ரெண்டும்தான். குழு இல்லாத எடத்துல நோட்டு நிக்காது. குழு இருக்கிற எடத்துல, அதுக்கு வெளிய இருந்த பொட்டிக்கடைக்காரரும் தண்ணி வண்டிக்காரரும் நோட்டு வழியா உள்ள வர்றாங்க.

பாலக்கரை_மணி:
எல்லாம் சரி, நம்ம ஊர்ல செய்ய முடியுமா? அது யாரும் சொல்லலயே.

கணக்குப்புள்ள:
பேப்பர் நோட்டு அடிச்சா நேரா ரிசர்வ் வங்கி சட்டம் 31ஆவது பிரிவுல போய் முட்டும், கொண்டுவர்றவருக்கு கேட்ட உடனே பணம்னு எழுதின சீட்டை தனியார் யாரும் வெளியிடக்கூடாது. ஒரே கடை தன் சாமானுக்கு மட்டும் கூப்பன் கொடுக்கிறதுக்கு அனுமதி தேவையில்ல. பல கடையில செல்லணும்னா அது வேற கதை, அனுமதி வாங்கணும். உறுப்பினருங்களுக்குள்ள மணி நேரக் கணக்கு, பரஸ்பரக் கணக்குன்னு எழுதி வெச்சுக்கிட்டா நோட்டுச் சிக்கல் வராது, ஆனா வியாபாரமா நடந்தா வரிக் கேள்வி வரும், வக்கீலைக் கேளுங்க. பிரேசில்லயும் மத்திய வங்கி முதல்ல சந்தேகமாத்தான் பாத்துச்சு, 2010 வாக்குலதான் கூட உக்காந்து பேச ஆரம்பிச்சாங்க.

வைகைக்கரை:
பிரேசில்லயே மரிக்கான்னு ஒரு நகராட்சியைப் பாருங்க, ரியோ பக்கத்துல. அங்க முனிசிபாலிட்டியே 2013ல மும்புக்கான்னு கரன்சி கொண்டுவந்துச்சு. கடல் எண்ணெய் ராயல்டி காசு அவங்களுக்கு வருது, அதை வெச்சு 2019ல சுமார் 42,000 பேருக்கு மாசம் 130 மும்புக்கா, கொரோனா வந்ததும் 300 ஆக்கினாங்க. குழந்தைக்கும் உண்டு. கார்டுலயோ ஃபோன்லயோ வரும், ஊருக்குள்ள மட்டும் செல்லும். பக்கத்து ஊரெல்லாம் முடங்கிக் கெடந்தப்ப அங்க தெருக்கடை ஓடுச்சு.

டெல்டாக்காரன்:
அது அரசாங்கம் கொடுக்கிற காசு ஆச்சே, எண்ணெய் தீந்தா? அடுத்த மேயர் வேற கட்சின்னா?

வைகைக்கரை:
நியாயமான பயம்தான். அதனாலதான் எனக்கு மரிக்காவை விட பால்மெய்ராஸ் மேல மனசு. ஆனா வன்னிமண் கேள்விக்கு மரிக்காகிட்ட ஒரு நல்ல பதில் இருக்கு. அங்க பக்கத்து வீட்டுக்காரர் சிபாரிசு வேண்டாம். வருமானம் இவ்ளோக்குள்ள, இத்தனை வருஷமா ஊர்ல இருக்கீங்க, பதிவு பண்ணியிருக்கீங்களா, அவ்ளோதான் கேள்வி. தெருவே ஒதுக்கின குடும்பத்துக்கும் கார்டு வரும், கடைக்காரர் மூஞ்சி பாத்து மறுக்க முடியாது.

வன்னிமண்:
இது எனக்குப் பிடிச்சிருக்கு. உரிமையா வாறதுக்கும் தயவா வாறதுக்கும் நிறைய வித்தியாசம். கூட்டம் போட்டு முடிவெடுக்கிற ஊர்க் கரன்சி, ஆனால் உள்ள வாறதுக்கு ஆற்றையும் சிபாரிசு வேண்டாம், இப்பிடி ரெண்டையும் சேர்த்து எங்கயாவது செய்யினமோ? தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ. நெய்தல், அர்ஜென்டினாவில பிறகு என்ன நடந்தது, முழுக்க அழிஞ்சு போச்சோ?

நெய்தல்:
முழுக்க இல்ல. நோட்டை தங்களுக்குள்ளயே அளவா அடிச்சு, வெளி நோட்டை வாங்காம இருந்த சின்னச் சின்ன சந்தை சிலது தப்பிச்சுது. 2018ல பெசோ மறுபடி விழுந்தப்ப ஃபேஸ்புக் குரூப் வழியா திரும்ப ஆரம்பிச்சாங்க, பிள்ளைங்களோட பழைய துணி கொடுத்து சர்க்கரை, மாவு, எண்ணெய் வாங்கினாங்க. பெரும்பாலும் அதே மாதிரி அம்மாக்கள்தான். அந்த தடவை நிறைய எடத்துல கிரெடிட்டோ கிடையாது, பொருளுக்குப் பொருள் நேரா மாத்திக்கிட்டாங்க.